பிடியரிசி: சேரி கொடுத்த காணிக்கை

"பால்பவுடருக்கும் கோதுமைக்கும் மதம் மாறினவங்கதானே நீங்க?" விடுதி அறையிலோ டீக்கடையிலோ இந்தக் கேள்வியை ஒருமுறையாவது எதிர்கொள்ளாத தலித் கிறித்தவ மாணவர் நம்மிடையே இருக்கமாட்டார். 'அரிசிக் கிறித்தவர்' என்பது இதே ஏச்சின் பழைய வடிவம். பதில் தெரியாமல் நம் பிள்ளைகள் தலை குனிகிறார்கள், இல்லையென்றால் கோபத்தில் கத்திவிட்டு வருகிறார்கள். இரண்டும் வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுவோம். 1876-78 பெரும் பஞ்சத்தின்போது மிஷனரிகள் நிவாரணம் கொடுத்தார்கள், மக்கள் போனார்கள். திருநெல்வேலிப் பக்கம் ஆயிரக்கணக்கானோர் அந்த ஆண்டுகளில் சபையில் சேர்ந்தார்கள். பசித்தவன் கஞ்சி ஊற்றுகிற இடத்துக்குப் போவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. வெட்கப்படவேண்டியவர்கள் குதிரில் நெல்லை வைத்துக்கொண்டு கதவைச் சாத்தியவர்கள். ஆனால் கதையை அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் அந்தச் சபைகள் என்ன செய்தன என்று யாரும் கேட்பதில்லை.

பாட்டிமார் இருக்கும் வீடுகளில் கேட்டுப் பாருங்கள், பிடியரிசி என்றால் தெரியும். உலை வைக்கிறபோது சோற்றுக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியைத் திரும்ப எடுத்து, அடுப்படியில் தனியாக இருக்கும் கலயத்தில் போடுவார்கள். தினமும் ஒரு பிடி. சேர்ந்ததைக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். கோயிலில் அதை விற்றுக் காசாக்கி, உபதேசியாருக்குச் சம்பளமாகவோ ஊழியத்துக்கோ செலவிடுவார்கள். எஞ்சியதிலிருந்து எடுப்பதில்லை இது. அளந்த பிறகு எடுப்பதால், அன்றைய சோறு ஒரு பிடி குறையும். யாருக்குக் குறைந்தது என்பதையும் நாம் ஊகிக்கலாம், கடைசியாகச் சாப்பிடுகிறவள் அவள்தானே. பணம் அவள் கைக்கு வராத காலத்தில் அவள் கையில் இருந்த ஒரே பொருள் அரிசி. (மிசோரமில் 1910-இல் பெண்கள் தொடங்கிய இதே வழக்கம் இன்றும் தொடர்கிறது. அங்கே சபையின் பெரிய வருமானங்களில் அதுவும் ஒன்று.)

1903-இல் திருநெல்வேலிக் கிறித்தவர்கள் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாதான் அதற்கு முன்னின்றவர். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு யாழ்ப்பாணம் போயிருந்தபோது, அங்கிருந்த தமிழ்க் கிறித்தவர்கள் தங்கள் காசிலேயே ஊழியரை அனுப்புவதைப் பார்த்திருந்தார். திரும்பி வந்து, நம் ஆள், நம் பணம், நம் நிர்வாகம் என்ற கொள்கையில் சங்கத்தை நிறுத்தினார்கள். கொடுத்தவர்களில் பலர் பனையேறிக் குடும்பங்கள். இரண்டு தலைமுறைக்கு முன்புவரை பெண்கள் மார்பை மறைக்கக்கூட அனுமதி மறுக்கப்பட்ட சமூகம் அது. அந்தக் காசு நிஜாமின் ஐதராபாத் சமஸ்தானத்தில் இருந்த தோர்ணக்கல் பகுதிக்குப் போனது.

நம் கதை அங்கேதான் சூடுபிடிக்கிறது. தோர்ணக்கல்லில் சபையில் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மாலா, மாதிகா மக்கள், அதாவது ஆந்திரத்தின் சேரிகள். 1912 டிசம்பர் 29-இல் அசரியா அங்கே பேராயரானார். ஆங்கிலிகன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர்தான். தம் கடைசி ஆண்டுகளில் காணிக்கை கொடுப்பதைப் பற்றியே ஒரு தனிப் புத்தகம் எழுதினார். இந்தியாவின் மிக ஏழ்மையான சபைகளில் ஒன்றின் தலைவர், பணம் கொடுப்பது பற்றி எழுதுகிறார்! படிக்கும் முன் நமக்கும் எரிச்சல்தான் வந்தது. கூலிக்காரனிடம் உண்டியல் நீட்டுகிறாரா என்று.

அவர் வாதம் வேறு. ஏழை என்பதற்காக ஒருவனைக் கொடுப்பதிலிருந்து விலக்கிவைத்தால் அவன் என்றென்றும் வாங்குகிறவனாகவே இருந்துவிடுவான். பிறர் காசில் நிற்கும் சபை தன் காலில் நிற்காது. கொடுப்பது வரி கட்டுவதைப் போன்றதும் இல்லை, அது வழிபாடு, மனமுவந்துதான் வரவேண்டும். தானியம் விளைந்தவன் தானியம், கோழி வளர்த்தவள் கோழி என்று அறுவடைக் காலத்தில் கொண்டுவந்து படைத்தார்கள். வெளிநாட்டுப் பணம் தோர்ணக்கல்லுக்கு வரவே இல்லை என்று சொன்னால் அது பொய். பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் மக்களும் கொடுத்தார்கள்.

இதன் எடை புரியவேண்டுமானால் சாதிய ஒழுங்கில் கொடுத்தல் என்றால் என்ன என்று பார்க்கவேண்டும். மனுவின் சட்டத்தில் தானம் வாங்கும் தகுதி பிராமணனுக்கு. சண்டாளனுக்கு ஒதுக்கியது செத்தவர் துணியும் உடைந்த பாத்திரமும். சூத்திரன் செல்வம் சேர்க்கவே கூடாது. நம் ஊர்களில் பழைய சோறும் பழைய துணியும் வாசலுக்கு வெளியே வைத்துக் கொடுக்கப்பட்டதும் அந்த ஒழுங்குதான். அதில் சேரி வாங்கலாம், கொடுக்க முடியாது. நம் கைபட்ட அரிசி தீட்டு. அப்படிப்பட்ட ஊரில் ஒரு மாதிகாப் பெண் கலயத்தோடு நடந்துபோகிறாள். அவள் அரிசி பலிபீடத்தின் முன் வாங்கி வைக்கப்படுகிறது. மதமாற்றத்தின் வரலாற்றை எழுதியவர்கள் வாங்கிய கணக்கையே எண்ணிக்கொண்டிருந்துவிட்டார்கள்.

கிறித்தவ மறைநூலிலும் இதற்கு வேர் உண்டு. ஏழை விதவை போட்ட இரண்டு காசைப் பிரசங்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். பவுல் கொரிந்து சபைக்கு எழுதியதை அவ்வளவாகச் சொல்வதில்லை. எருசலேமில் வறுமையில் இருந்தவர்களுக்காக அவர் நிதி திரட்டுகிறார். முன்மாதிரியாக அவர் காட்டுவது வசதியானவர்களை அல்ல, தாங்களே வறுமையில் இருந்த மக்கெதோனியச் சபைகளை. கட்டாயம் வேண்டாம், மனதார இருக்கட்டும் என்கிறார். நோக்கத்தைச் சொல்லும்போது சமநிலை என்ற சொல்லை இரண்டு முறை பயன்படுத்துகிறார். இன்று உங்களிடம் கூடுதலாக இருப்பது அவர்கள் குறையை நிரப்பட்டும், நாளை அவர்களுடையது உங்களுக்கு. புண்ணியக் கணக்கு அங்கே பேசப்படவில்லை.

சபைக்குள் சமநிலை வந்ததா? வடக்கன்குளத்தில் கத்தோலிக்கர் 1872-இல் கட்டிய கோயிலில் வெள்ளாளரையும் நாடாரையும் பிரிக்கச் சுவர் இருந்தது. 1910-இல் அதை இடித்தபோது ஆதிக்க சாதியார் திரும்பக் கட்டவேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நாடாருக்கே சுவர் என்றால் பறையர், பள்ளர் எங்கே நின்றிருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பின்னாளில் நாடார்களே பல சபைகளில் ஆதிக்கம் செய்ததும் நமக்குத் தெரியும். எங்களில் சிலர் வளர்ந்த கோயிலில் சங்கக் காணிக்கைப் புத்தகத்தில் சேரித் தெருவின் பெயர்கள் ஒன்றுவிடாமல் இருக்கும், கமிட்டிப் பட்டியலில் ஒன்றுகூட இருக்காது. உண்டியலுக்குத் தீட்டு இல்லை, எண்ணும் மேசைக்கு இருந்தது.

அரசும் தன் பங்கைச் செய்தது. 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை இந்து அல்லாதவர் யாரும் பட்டியல் சாதியாக மாட்டார் என்றது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் திருத்தினார்கள். தலித் கிறித்தவரும் தலித் முஸ்லிமும் வெளியிலேயே விடப்பட்டார்கள். தனித்தொகுதி கிடையாது, பட்டியல் சாதிக்கான இடஒதுக்கீடு கிடையாது, வன்கொடுமைச் சட்டத்தின் பாதுகாப்பும் கிடையாது. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் போட்டிபோட வேண்டும். லாபத்துக்கு மாறினார்கள் என்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்கட்டும்.

மாணவர்களிடம் எங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊர்ச் சேரிக் கோயிலின் பீரோவில் பழைய காணிக்கைப் பதிவேடுகள் கிடக்கும். பெரும்பாலும் கரையான் பாதி தின்றிருக்கும். ஐயரிடமோ உபதேசியாரிடமோ கேட்டு, பக்கம் பக்கமாகக் கைபேசியில் படம் எடுங்கள். பெயர், தெரு, கொடுத்தது காசா அரிசியா, எத்தனை படி என்று தனியாக எழுதிவையுங்கள். பெண்கள் பெயர் பெரும்பாலும் இருக்காது, 'இன்னார் மனைவி' என்றுதான் இருக்கும். அந்த மனைவியின் பெயரைத் தெருவில் உள்ள மூத்தவர்களிடம் கேட்டு, பக்கத்தில் எழுதுங்கள்.