தோட்டச் சிறாரின் குடற்புழுவும் நனோ மருத்துவமும்

மலையகத்தின் சுகாதாரம் பற்றிப் பேசப்படும்போதெல்லாம் குடற்புழு நோய் கடைசி வரிசையிலேயே இடம்பெறுகின்றது. அது உடனடியாக உயிரைப் பறிப்பதில்லை. மாறாக, பிள்ளையின் ஊட்டத்தைச் சிறிது சிறிதாகச் சுரண்டி, சோகையையும் வளர்ச்சிக் குறைவையும் ஏற்படுத்துகின்றது. உலக சுகாதார ஸ்தாபனம் இதனைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்திருப்பது பொருத்தமே.

தோட்டங்களுக்கு இது புதிய நோயல்ல. அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றம் 1916 இலேயே இங்கு கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கமொன்றை ஆரம்பித்திருந்தது. ஆயினும், 1992 இல் பெருந்தோட்டத்துறையில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வில், 3 முதல் 12 வயது வரையான சிறாரிலும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களிலும் 90 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்குக் குடற்புழு இருந்தமை தெரியவந்தது. இதனையடுத்து, 1994 முதல் 2005 வரை ஆண்டுக்கு இரு தடவைகள் பூச்சி மருந்து வழங்கப்பட்டது. அத்திட்டம் நின்று நான்கு ஆண்டுகளின் பின்னர் நுவரெலியா, கண்டி, பதுளை, இரத்தினபுரி, கேகாலை ஆகிய மாவட்டங்களின் 114 பாடசாலைகளில் நடத்தப்பட்ட ஆய்வு, 29 சதவீதமான பிள்ளைகளிடம் புழுக்கள் இருப்பதைக் காட்டியது. இரு மாவட்டங்களில் கொழுக்கிப்புழு காணப்படவில்லை. எனினும், வட்டப்புழுவும் சாட்டைப்புழுவும் ஐந்து மாவட்டங்களிலும் காணப்பட்டன.

இங்குதான் மருந்தின் எல்லையையும் நாம் நோக்க வேண்டியுள்ளது. ஒரே வேளையில் கொடுக்கப்படும் அல்பென்டசோல் வட்டப்புழுவை நன்கு அகற்றுகின்றது. ஆனால், சாட்டைப்புழு கண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரையே அது முற்றாகக் குணப்படுத்துகின்றது. அப்புழு தன் மெல்லிய முன்பகுதியைப் பெருங்குடலின் உட்சுவரில் புதைத்து வாழ்வது. மருந்தோ நீரில் எளிதில் கரையாதது. உடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுவது.

இக்குறையை நீக்கவே நனோ தொழில்நுட்பத்தை ஆய்வாளர்கள் நாடுகின்றனர். ஒரு நனோமீற்றர் என்பது ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகும். மருந்தை இத்தகைய நுண்ணளவுக்குப் பொடியாக்கினாலோ கொழுப்புத் துகள்களுக்குள் பொதிந்தாலோ அது கரைவதும் உறிஞ்சப்படுவதும் கூடுகின்றன. அல்பென்டசோலைப் பொறுத்தவரை இம்முயற்சிகள் இன்னும் பொதுப் பாவனைக்கு வரவில்லை.

எனினும், இது வெறும் கனவல்ல என்பதற்கு இந்தியாவின் பீகார் மாநிலம் சான்றாகும். கருங்காய்ச்சல் எனப்படும் காலா அசார் நோய்க்கு அம்போடெரிசின் பி மருந்தை ஏறக்குறைய ஒரு மாத காலம் நாளம் வழியே பல தடவைகள் ஏற்ற வேண்டியிருந்தது. சிறுநீரகப் பாதிப்பு பற்றிய அச்சமும் இருந்தது. அதே மருந்தை 100 நனோமீற்றருக்கும் குறைந்த கொழுப்புக் குமிழிகளில் பொதிந்து ஒரே தடவை ஏற்றியபோது 95 சதவீதத்துக்கு மேற்பட்டோர் குணமடைந்தமையை 2010 இல் வெளியான ஆய்வு நிறுவியது. ஆனால், அதன் விலை ஏழைகளுக்கு எட்டாததாக இருந்தது. உற்பத்தி நிறுவனமான கிலியட், உலக சுகாதார ஸ்தாபனத்துடன் 2011 இல் செய்த உடன்படிக்கையின் கீழ் அதனை நன்கொடையாக வழங்கிய பின்னரே அது பரவலாகப் பயன்பட்டது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் தெளிவானது. ஏழைகளின் நோய்க்கான ஆய்வை இலாபம் தேடும் சந்தை தானாக முன்வந்து செய்யாது. ஹோமாகமையில் இயங்கும் இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவனம் 2008 இல் தோற்றுவிக்கப்பட்டது. யூரியாவை மெல்ல மெல்ல வெளிவிடும் நனோ உரம் பற்றிய ஆய்வை அது நடத்தியுள்ளது. பயிருக்காகச் செலவிடப்பட்ட அந்த அறிவைத் தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்காகவும் பயன்படுத்தலாகாதா? பல்கலைக்கழக மருத்துவ பீடங்களுடன் இணைந்து இத்தகைய ஆய்வுக்கு அரசு நிதி ஒதுக்க வேண்டும்.

அதேவேளை, மருந்து எத்துணை நுண்ணியதாயினும் அது சுகாதார வசதிக்கு மாற்றாகாது. 114 பாடசாலைகளில் நடத்தப்பட்ட அதே ஆய்வு, வட்டப்புழுவுக்கும் கொழுக்கிப்புழுவுக்கும் வீட்டின் மலசலகூட வசதிக் குறைவும், மூவகைப் புழுக்களுக்கும் தாயின் கல்விக் குறைவும் காரணிகளாக இருப்பதைச் சுட்டியது. புழுவை வெளியேற்றிய பிள்ளை மீண்டும் அதே லயத்துக்கு, அதே அசுத்த மண்ணுக்குத் திரும்பினால் நோயும் திரும்பும். நனோ மருந்து நாளை வரட்டும். மலசலகூடமும் சுத்தமான நீரும் இன்றே வரவேண்டும் என்பதே எமது கோரிக்கையாகும்.