கெடிலக்கரையில் ஒரு ராஜ்யம்

இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கெல்லையில் கல்வராயன் மலை நிற்கிறது. கிழக்கே, உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகில், கெடில நதியின் கரையில் சேந்தமங்கலம் என்னும் சிற்றூர் கிடக்கிறது. இடிந்த மதிற்சுவர்களின் நடுவே ஆபத்சகாயேசுவரர் கோயில் இருக்கிறது. அங்குள்ள கற்குதிரையின் உடலைத் தட்டினால் இடத்துக்கு இடம் வெவ்வேறு நாதம் எழும். வேடிக்கை பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் குதிரையைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ராஜராஜனும் ராஜேந்திரனும் கட்டிக் காத்த சோழ சாம்ராஜ்யத்தின் வாரிசு ஒருவன், முடிசூடிய சக்கரவர்த்தியாக இருக்கும்போதே, இந்த ஊரில் கைதியாக அடைபட்டிருந்தான் என்ற செய்தி அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்குமோ!

அவனைச் சிறைவைத்தவர்கள் காடவராயர்கள். கூடல் என்ற ஊரைத் தங்களுக்கு உரியதாகச் சொல்லிக்கொண்ட இவர்கள், தலைமுறை தலைமுறையாகச் சோழர்களின் கீழ்ச் சிற்றரசர்களாகவும் அதிகாரிகளாகவும் ஊழியம் செய்து, சக்கரவர்த்திகள் அளித்த விருதுகளைப் பெயரோடு சேர்த்துக்கொண்டு, காலம் கனியும் வரை பொறுமையாக இருந்தவர்கள். தாங்கள் காஞ்சிப் பல்லவரின் வம்சம் என்பது அவர்களுடைய உரிமைப்பாட்டு. பல்லவ அரசு ஒன்பதாம் நூற்றாண்டின் முடிவிலேயே சோழர்களால் விழுங்கப்பட்டுவிட்டது. முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்பும் அந்தப் பெயருக்கு ஒரு மகிமை இருந்தது என்றால், ராஜ்யங்கள் அழிந்தாலும் வம்சாவளிகள் எளிதில் அழிவதில்லை என்றுதான் கொள்ளவேண்டும்.

காலம் கனிந்தது மூன்றாம் ராஜராஜனின் ஆட்சியில். 1216இல் அரசுரிமை பெற்ற இவன், பாண்டியனிடம் தோற்று, தஞ்சையும் உறையூரும் எரியக் கண்டவன். அந்த அவமானத்துக்குப் பின்னும் பாடம் கற்காமல் பாண்டியனோடு மீண்டும் பிணங்கி, மீண்டும் தோற்று, தலைநகரை விட்டு வடக்கே போகையில், தெள்ளாற்றில் காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் அவனை மடக்கிப் பிடித்தான். பிடித்தவன் தந்தையா, அதே பெயர் கொண்ட மகனா என்று சரித்திர ஆசிரியர்கள் நெடுங்காலம் வாதிட்டிருக்கிறார்கள். நம் கதைக்கு அந்த வழக்கின் தீர்ப்பு அவசியமில்லை.

இந்தச் சம்பவத்தை இரண்டு கல்வெட்டுகள் பேசுகின்றன. இரண்டும் இரண்டு கட்சிக்காரர்களின் சாட்சியம். வந்தவாசியை அடுத்த வயலூரில் காடவனின் புகழ் செய்யுளாகவே பொறிக்கப்பட்டிருக்கிறது.  மற்றொரு சாட்சியம் கெடிலத்தின் கரையிலேயே, சேந்தமங்கலத்துக்குக் கீழே, கடலூரை ஒட்டிய திருவயிந்திரபுரம் பெருமாள் கோயிலில் இருக்கிறது. காடவரின் தலைநகரான சேந்தமங்கலத்தைத் தொட்டு ஓடிய அதே நதியின் கரையில், அந்தத் தலைநகரம் பணிந்த கதையைப் பகைவர்கள் எழுதிவைத்தார்கள்.

1231ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளைச் சொல்லும் இந்தக் கல்வெட்டு, தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளுள் அபூர்வமான வகையைச் சேர்ந்தது. மெய்க்கீர்த்தியின் அலங்காரத்தை விட்டுவிட்டு, ஒரு படையெடுப்பை நாட்குறிப்புப் போல ஊர் ஊராகச் சொல்லிச் செல்கிறது. கோப்பெருஞ்சிங்கன் சோழனைச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்துத் தேசத்தையும் கோயில்களையும் பாழாக்குகிறான் என்று கேள்விப்பட்ட ஹொய்சள மன்னன் வீரநரசிம்மன், சோழ ராஜ்யத்தை நிலைநிறுத்தியவன் என்னும் விருதைக் காப்பாற்றிக்கொள்ளாமல் ஓய்வதில்லை எனச் சபதம் செய்து, துவாரசமுத்திரத்திலிருந்து புறப்பட்டான். வழியில் மகர ராஜ்யத்தை நிர்மூலம் செய்தான். ஆறகழூரைத் தலைமையிடமாகக் கொண்டு கல்வராயன் மலையின் தெற்கடிவாரத்தை ஆண்ட வாணர்களின் மகதை நாடே அது என்று கருதுவோர் உண்டு. பிறகு பாச்சூரில் தங்கிக்கொண்டு, அப்பணன், சமுத்திர கோப்பையன் என்னும் இரண்டு தண்டநாயகர்களை ஏவினான். அவர்கள் எரித்த ஊர்களும் கொன்ற முதலிகளும் பெயர் சொல்லிக் குறிக்கப்படுகின்றன. நடுவே பொன்னம்பலத்து நடராஜப் பெருமானைத் தரிசித்ததும் விடாமல் குறிக்கப்படுகிறது! தண்டநாயகர்கள் சேந்தமங்கலத்தை முற்றுகையிட முனைந்த தருணத்தில் காடவன் சோழனை விடுவித்தான். இனிப் போரிட்டால் கோட்டையும் போகும், கைதியும் போவான் என்று கணக்கிட்டு அவன் எடுத்த முடிவை விவேகம் என்றே சொல்வேன்.

விவேகத்தின் பலன் பன்னிரண்டு ஆண்டுகளில் தெரிந்தது. 1243ஐ முதலாண்டாகக் கொண்டு கோப்பெருஞ்சிங்கன் தன் பெயராலேயே ஆட்சியாண்டுகளைக் குறித்தான். சகலபுவனச் சக்கரவர்த்தி என்றும், அவனியாளப் பிறந்தான் என்றும் அழைத்துக்கொண்டான். பின்னர் பெரம்பலூரில் ஹொய்சளத் தண்டநாயகர்களைக் கொன்று, அவர்களுடைய பெண்டிரையும் பண்டாரத்தையும் கவர்ந்தான். அந்தப் பாவத்துக்குக் கழுவாயாக விருத்தாசலத்து இறைவனுக்குத் தன் விருதுப் பெயராலேயே ஓர் ஆபரணம் அளித்தான். கல்வராயன் மலையில் பிறந்து வரும் மணிமுத்தாற்றின் கரையில் நிற்கும் கோயில் அது. பாண்டியன் சடாவர்மன் சுந்தரன் 1251இல் பட்டத்துக்கு வந்தபின் சேந்தமங்கலத்தை முற்றுகையிட்டு, யானைகளையும் குதிரைகளையும் திரவியத்தையும் கைப்பற்றி, நாட்டை மட்டும் இவனுக்கே திருப்பிக் கொடுத்தான். 1262இல் கோதாவரிக் கழிமுகத்துத் திராட்சாராமக் கோயிலில் இவன் பெயரால் சாசனம் காணப்படுகிறது. பரதம் வல்ல பெருமாள் என்ற விருதும் இவனுக்கு உண்டு; நாட்டிய கரணச் சிற்பங்கள் நிறைந்த சிதம்பரத்துக் கிழக்குக் கோபுரத்தோடு இவன் பெயர் இணைத்துப் பேசப்படுவதில் வியப்பில்லை.

இதே காலத்தில், மேற்காசியாவில், டாரஸ் மலைச்சரிவில் இன்னொரு சிறிய ராஜ்யம், பழைய வம்சத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வலியவர்களுக்கு வளைந்துகொடுத்துப் பிழைக்கும் இதே வித்தையைப் பயின்றுகொண்டிருந்தது. செல்ஜுக் துருக்கியருக்கு அஞ்சித் தாயகத்தை விட்டுச் சிலீசிய மலைகளில் குடியேறிய ஆர்மீனியர்களின் தலைவர்களான ரூபேனியர், அனி நகரத்துப் பழைய பக்ராத்துனி மன்னர்களோடு உறவு கொண்டாடினார்கள். 1198இல் லெவோன் தார்சுஸ் நகரில் முடிசூடினான். ஹெத்தூம் மன்னன் 1254இல் மங்கோலியா வரை யாத்திரை போய், மங்கோலியப் பேரரசனான காகானின் சபையில் வணங்கித் தன் நாட்டுக்கு அபயம் பெற்று வந்தான். காடவனின் சமகாலத்தவன் அவன். இருவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வழியில்லை. ஆனாலும் ஒருவர் சபையில் மற்றவர் அமைச்சராக இருந்திருந்தால் அதிகம் கற்றுக்கொள்ள வேண்டியிருந்திராது. ஆர்மீனிய ராஜ்யம் 1375 வரை நின்றது. காடவர் அரசோ 1279க்குப் பின் கல்வெட்டுகளில் பேச்சுமூச்சின்றி மறைந்து, பாண்டிய மண்டலத்தில் கரைந்துபோயிற்று.

காஞ்சியின் பெயரைத் தாங்கியவர்கள் சமவெளியில் மறைந்தாலும் மலைமேல் இருந்தார்கள். கல்வராயன் மலையில் வாழும் மலையாளி என்னும் பழங்குடியினர், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்றே சொல்லி வருகிறார்கள். மலையைச் சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்தார்கள் பங்கிட்டு ஆண்டார்கள். மலைமக்களிடம் வரியும் வாங்கினார்கள், கூலியில்லா வேலையும் வாங்கினார்கள். கும்பினி ஆட்சியும், வெள்ளைக்காரர் ராஜ்யமும், சுதந்திரமும், அதன் பின்வந்த ஜமீன் ஒழிப்பும் அவர்களை அசைக்கவில்லை. 1976இல்தான் அரசாங்கம் அந்த ஜாகீர்களை எடுத்துக்கொண்டது. சக்கரவர்த்தி என்று தன்னை அழைத்துக்கொண்ட கோப்பெருஞ்சிங்கனின் ஆட்சி முப்பத்தாறு ஆண்டு. அப்படி ஒரு பட்டமும் கேட்காத மலைக்கவுண்டர்களின் ஆளுகை அதனினும் பன்மடங்கு நீண்டது.