நாலு கார்புரேட்டரும் ஒரே மூச்சும்

நம்ம ஊர் மெக்கானிக்கிட்ட வண்டியை விட்டு "அண்ணே, ட்யூனிங் பண்ணிக் குடுங்க"ன்னு சொன்னா என்ன செய்வார்? கார்புரேட்டர் பக்கத்துல குத்தவெச்சு உட்காருவார். சின்ன ஸ்க்ரூ டிரைவரை வெச்சு ரெண்டு ஸ்க்ரூவை இப்படியும் அப்படியும் திருகுவார். தலையைச் சாய்ச்சு சத்தத்தைக் கேட்பார். ஒரு முறுக்கு முறுக்கிப் பார்ப்பார். அவ்வளவுதான், அஞ்சு நிமிஷத்துல வேலை முடிஞ்சது. ஒரு சிலிண்டர், ஒரு கார்புரேட்டர் இருக்கிற வரைக்கும் இது தாராளமா போதும். ரெண்டாவது கார்புரேட்டர் வந்து சேர்ந்த நாள்லதான் சிக்கல் ஆரம்பிச்சது. அந்தச் சிக்கலை வீட்டுல உட்கார்ந்தே தீர்க்க மனுஷன் என்னென்ன வழி கண்டுபிடிச்சான் என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் சிக்கல் என்னன்னு பார்த்துடுவோம். ரெட்டை மாட்டு வண்டி ஓட்டினவங்களுக்கு இது உடனே புரியும். ரெண்டு மாடும் நல்ல மாடாக இருந்தால் மட்டும் போதாது, ஒரே நேரத்தில் ஒரே அளவு இழுக்கணும். ஒன்று முந்தினால் நுகத்தடி கோணும், வண்டி உதறும். என்ஜினும் அப்படித்தான். ஐட்லிங்கில் கார்புரேட்டரின் வாய் மயிரிழை அளவுதான் திறந்திருக்கும். அந்த மயிரிழை ஒரு பக்கம் ஒன்றாகவும் மறுபக்கம் ஒன்றரையாகவும் இருந்தால், ஒரு சிலிண்டர் உழைக்கும், இன்னொன்று அதன் தோளில் சவாரி செய்யும். ஐட்லிங்கில் கடகடன்னு சத்தம், ஹேண்டில்பாரில் அதிர்வு, மைலேஜில் அடி எல்லாம் இதனால் வரும்.

இப்போ வரலாறு. 1937-ல் இங்கிலாந்தின் டிரையம்ஃப் கம்பெனியில் எட்வர்ட் டர்னர் வடிவமைத்த ஸ்பீட் ட்வின் வந்தது. 498 சிசி, ரெண்டு சிலிண்டர், ஆனா கார்புரேட்டர் ஒண்ணே ஒண்ணு. ரெண்டு பேரும் ஒரே பானையிலிருந்து குடித்ததால் பங்காளிச் சண்டை இல்லை. 1959 மாடலாக வந்த டிரையம்ஃப் பானவில் டி120-ல் ஆளுக்கொரு ஆமல் கார்புரேட்டர் கொடுத்தார்கள். 649 சிசி, நல்ல வேகம். வாங்கினவங்களுக்கு வேகத்தோட ஞாயிற்றுக்கிழமை வேலையும் இலவசமாகக் கிடைச்சது.

அந்தக் காலத்து ஆட்கள் இதைச் சரிசெய்த விதம் ரொம்ப எளிமை. என்ஜினை அணைத்துவிட்டு ஏர் ஃபில்டரைக் கழற்றி, இரண்டு கார்புரேட்டருக்குள்ளும் விரலை விட்டு, ஆக்சிலரேட்டரை மெதுவாக முறுக்கச் சொல்லுவார்கள். உள்ளே இருக்கும் ரெண்டு ஸ்லைடும் ஒரே நொடியில் எழும்பணும். ஒன்று தூங்கினால் அதன் கேபிளை இறுக்கணும். அப்புறம் என்ஜினை ஓட்டி, ஒரு பிளக்கின் ஒயரை எடுத்து எர்த் பண்ணிவிட்டு, ஒற்றைச் சிலிண்டரில் தத்தித் தத்தி ஓடும்படி ஐட்லிங்கை வைப்பார்கள். அடுத்து மற்றதுக்கும் அதே மாதிரி. கடைசியில் ரெண்டையும் சேர்த்து ஓட்டி, ரெண்டு ஸ்க்ரூவையும் சம அளவு தளர்த்துவார்கள். இன்னொரு கோஷ்டி ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் காட்டி, 'உஸ்ஸ்' சத்தம் ஒரே மாதிரி இருக்கான்னு கேட்கும். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைக்கிற மாதிரிதான்.

ரெண்டு கார்புரேட்டருக்கு இந்தக் கை வைத்தியம் போதும். நாலு வந்தால்?

1968 அக்டோபரில் டோக்கியோ மோட்டார் ஷோவில் ஹோண்டா தன் சிபி750-ஐக் காட்டியது. 1969-ல் விற்பனைக்கு வந்தது. 736 சிசி, வரிசையாக நாலு சிலிண்டர், நாலு கெய்ஹின் கார்புரேட்டர். முதல் வண்டிகளில் ஆக்சிலரேட்டரிலிருந்து வந்த ஒரு கேபிள் நாலாகப் பிரிந்து ஆளுக்கொரு கார்புரேட்டருக்குப் போனது. நாலு கேபிளும் ஒரே மாதிரி நீளுமா என்ன? அடுத்து வந்த கே1 மாடலில் ஹோண்டாவே அதைத் தூக்கிவிட்டு, நாலையும் ஒரே தண்டில் கோத்து, திறக்க ஒரு கேபிள், மூட ஒரு கேபிள் என்று மாற்றியது. 1972-ல் கவாசாகி இசட்1, அதிலும் நாலு கார்புரேட்டர். 1978-ல் ஹோண்டா சிபிஎக்ஸ், ஆறு சிலிண்டருக்கு ஆறு கார்புரேட்டர்! காதை வெச்சுக் கேட்டு இதையெல்லாம் சமப்படுத்தறது நடக்கிற காரியமா? பார்த்துச் சொல்ல ஒரு கருவி வேணும்.

அந்தக் கருவியின் விஞ்ஞானம் முன்னூறு வருஷத்துக்கு முன்னாலேயே தயாராக இருந்தது. 1640-களில் இத்தாலியின் டாரிசெல்லி, பாதரசம் நிரம்பிய கண்ணாடிக் குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்து, பாதரசம் சுமார் 76 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்பதைக் காட்டினார். அதை மேலிருந்து எதுவும் இழுத்துப் பிடிக்கவில்லை, வெளிக்காற்றின் அழுத்தம்தான் கீழிருந்து தாங்குகிறது. என்ஜினிலும் கதை அதேதான். பிஸ்டன் கீழே இறங்கும்போது கார்புரேட்டருக்குப் பின்னால் அழுத்தம் குறைகிறது. அங்கே சின்ன ஓட்டை போட்டு ஒரு டியூப் மாட்டி, டியூபின் மறுமுனையைப் பாதரசத்தில் விட்டால், வெளிக்காற்று பாதரசத்தை மேலே தள்ளும். நாலு கார்புரேட்டருக்கு நாலு குழாய், பக்கத்துப் பக்கத்தில். நாலு பாதரசமும் ஒரே மட்டத்தில் நின்றால் நாலு கார்புரேட்டரும் ஒரே மூச்சு விடுகின்றன. 1970-களில் ஒர்க்‌ஷாப்களில் இந்த நாலு குழாய்ப் பலகை சாதாரணம். வீட்டில் வேலை பார்க்கிறவர்களும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் பாதரசம் விளையாட்டுப் பொருள் இல்லை. அவசரப்பட்டு ஒரு முறுக்கு முறுக்கினால் பாதரசம் என்ஜினுக்குள் உறிஞ்சப்பட்டு, சூட்டில் ஆவியாகி, சைலன்சர் வழியாக நம்ம மூக்குக்கே வரும். தமிழ்நாட்டுக்காரங்களுக்குப் பாதரசம் என்றால் என்னன்னு புதுசா சொல்ல வேண்டியதில்லை. கொடைக்கானலில் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை, பாதரசக் கழிவு விவகாரம் வெளியே வந்து மக்கள் போராடிய பிறகு 2001-ல் மூடப்பட்டது. அதில் வேலை செய்தவர்களுக்கான ஒப்பந்தம் 2016-ல்தான் ஏற்பட்டது. 2013-ல் கையெழுத்தான மினமாட்டா உடன்படிக்கை, பாதரசம் வைத்த தெர்மாமீட்டர், மானோமீட்டர் போன்ற கருவிகளைத் தயாரிப்பதற்கு 2020-ஐக் கெடுவாக வைத்தது.

அப்போ வீட்டில் எதை வெச்சுப் பார்க்கிறது? இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் வருது. மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் கண்ணாடி மாதிரி தெரியும் டியூப் அஞ்சாறு மீட்டர், ஒரு பலகை, கொஞ்சம் டூ ஸ்ட்ரோக் ஆயில். டியூபைப் பலகையில் 'ப' எழுத்து மாதிரி மாட்டி, அடியில் ஆயிலை நிரப்பி, ரெண்டு முனையையும் ரெண்டு கார்புரேட்டரில் செருகணும். அவ்வளவுதான் கருவி. நண்பர் ஒருவரின் பழைய நாலு சிலிண்டர் வண்டிக்கு நாங்கள் இப்படித்தான் செய்தோம். ஆயில் எந்தப் பக்கம் ஏறுதோ, அந்தப் பக்கம் உறிஞ்சல் அதிகம். உறிஞ்சல் அதிகம்னா அந்தக் கார்புரேட்டர் பலசாலின்னு அர்த்தம் இல்லை, மற்றதைவிட அதிகமாக மூடியிருக்குன்னு அர்த்தம். அதைக் கொஞ்சம் திறந்துவிட்டால் ஆயில் சமமாக வந்து நிற்கும். முதலில் 1-2, பிறகு 3-4, கடைசியில் நடு ஸ்க்ரூவைத் திருகி ரெண்டு ஜோடிக்கும் நடுவே சமாதானம்.

இதில் ஒரு கணக்கு இருக்கு. பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம். ஆயில் தண்ணீரைவிட லேசு, சுமார் 0.87. அதாவது பாதரசம் ஒரு சென்டிமீட்டர் நகரும் இடத்தில் ஆயில் பதினைந்து சென்டிமீட்டருக்கு மேல் நகரும். சின்ன வித்தியாசம்கூடப் பளிச்சுன்னு தெரியும். விலை உயர்ந்த கருவியைவிட நூறு ரூபாய் டியூப் நுணுக்கமா காட்டுது! ஆனா அதே கணக்கு நம்மைப் பயமுறுத்தவும் செய்யும். ஒரு முனை கழன்றால், 20 சென்டிமீட்டர் பாதரச அளவு உறிஞ்சல் ஆயிலை மூணு மீட்டர் உயரம் தூக்கும். மொத்த ஆயிலும் என்ஜினுக்குள் போய்விடும். அதனால் ஆயில் ரொம்பக் கொஞ்சமாக ஊற்றணும், நடுவில் மீன் தொட்டி வால்வு ஒன்றைப் போட்டு ஓட்டத்தைக் குறைக்கணும். அப்படியும் உள்ளே போனால் கொசு மருந்து அடித்த மாதிரி வெள்ளைப் புகை வரும், அத்தோடு சரி. விஷ ஆவி இல்லை.

செய்ய நினைக்கிறவங்களுக்கு மூணு விஷயம். டேப்பட் இடைவெளி, பிளக், ஏர் ஃபில்டர் எல்லாம் சரியான பிறகு கடைசியாகத்தான் இந்த வேலை. என்ஜின் சூடாக இருக்கணும், முன்னால் ஒரு ஃபேன் ஓடணும். மூடின ஷெட்டுக்குள் வேண்டவே வேண்டாம், கார்பன் மோனாக்சைடு சொல்லிக்கொண்டு வராது.

நம்ம நாட்டுக்கு இந்தக் கலை ரொம்ப எட்டவில்லை. புல்லட் ஒற்றைச் சிலிண்டர். ரெண்டு சைலன்சரைப் பார்த்து டபுள் சிலிண்டர்னு நாம நம்பிய யெஸ்டி 250-யும் ஒற்றைச் சிலிண்டர்தான். விதிவிலக்கு, 1983-ல் எஸ்கார்ட்ஸ் கொண்டுவந்த ராஜ்தூத் 350. 347 சிசி, ரெண்டு சிலிண்டர், ரெண்டு கார்புரேட்டர். அதில் ஆக்சிலரேட்டர் கேபிள் ரெண்டு ஸ்லைடோடு ஆயில் பம்பையும் சேர்த்து இழுக்கும். பம்ப் பின்தங்கினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், அதுவும் ஹைவேயில் வேகமாகப் போகும்போது. ஒரு கார்புரேட்டர் வண்டிகளிலேயே பழகின கைகளுக்கு இது புதுப் பாடம். பானவில் காலத்து விரல் வைத்தியமே அங்கேயும் கைகொடுத்தது.

1980-ல் கவாசாகி இசட்1000 எச்1-ல் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்ததும் நம்ம ஷோரூம்களில் பைக்கு கார்புரேட்டர் பெரும்பாலும் விடை பெற்றது. அதோட இந்தத் தலைவலி போச்சான்னா, இல்லை. சிலிண்டருக்கு ஒரு த்ராட்டில் பாடி இருக்கிற வண்டியில் பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளக்கும், ஆனா காற்றை இன்னும் தகடுதான் திறந்து மூடுது. தகடுகள் சமமா இல்லேன்னா அதே உதறல்தான்.

இந்த வேலைக்கு 'சரியான அளவு எவ்வளவு'ன்னு தெரியவே வேண்டாம், ரெண்டும் சமமா இருக்கான்னு தெரிந்தால் போதும். அளக்கக் கருவி வேணும், காசு வேணும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு டியூப் போதும். ஒர்க்‌ஷாப்பில் இருந்த வேலை வீட்டு முற்றத்துக்கு வந்தது அதனாலதான். ராஜ்தூத் 350 வெச்சிருந்தவங்க, வீட்டுல ட்யூப் கட்டிப் பார்த்தவங்க யாராவது இருந்தா உங்க அனுபவத்தையும் எழுதுங்க மக்களே.