ராயபுரம் தண்டவாளமும் மலிவு என்ஜினும்

குறைந்த விலையில் ஒரு மாடல் ரயில் செட் வாங்கலாமா என்று யோசிப்பவர் பெரும்பாலும் என்ஜின் மீதுதான் கண் வைப்பார். மோட்டார் இழுக்குமா, பெயின்ட் உரியுமா, கூட எத்தனை பெட்டி தருகிறார்கள் என்று விசாரிப்பார். அதே அட்டைப் பெட்டிக்குள் துண்டு துண்டாக அடுக்கியிருக்கும் தண்டவாளத்தைப் பற்றி யாரும் அதிகம் கேட்பதில்லை. என்ஜின் கெட்டுப்போனால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். தண்டவாளத்தின் அகலம் பிசகிவிட்டாலோ, பின்னால் வாங்கும் ஒவ்வொரு பெட்டியும் அந்தப் பிசகுக்குக் கட்டுப்பட்டாக வேண்டும். நிஜ ரயிலுக்கும் இதே கணக்குதான். சென்னை மாகாணம் அதைத் தெரிந்துகொள்ள ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. எங்கே சிக்கனம் பிடிக்கலாம், எங்கே கூடாது என்பதற்கு ராயபுரத்தில் தொடங்கும் பாதைகளைவிட நல்ல சாட்சி கிடைப்பது கடினம்.

1856 ஜூன் 28 அன்று கவர்னர் ஹாரிஸ் ராயபுரம் நிலையத்தைத் திறந்து வைத்தார். ஜூலை 1 முதல் பொதுமக்கள் வாலாஜா வரை, சுமார் 100 கிலோமீட்டர், டிக்கெட் எடுத்துப் போக முடிந்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அதுதான். அந்தப் பாதையின் அகலம் 5 அடி 6 அங்குலம், அதாவது 1676 மில்லிமீட்டர். இங்கிலாந்தில் ஓடிய ரயிலைவிட அரை முழத்துக்கும் மேல் அகலமான இந்த அளவை கவர்னர் ஜெனரல் டல்ஹவுசியின் அரசு தேர்ந்தெடுத்தபோது, நிலம், பாலம், கரை எல்லாவற்றுக்கும் செலவு ஏறியது. இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். இந்தப் பாதையைப் போட்ட மெட்ராஸ் ரயில்வே கம்பெனி தாராளமாகச் செலவழித்ததற்கு அதன் தொலைநோக்கு காரணமல்ல. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் முதலீட்டுக்குச் சுமார் 5 சதவீத வட்டி தருவதாக அரசு உத்தரவாதம் கொடுத்திருந்ததுதான் காரணம். அந்த வட்டியைக் கட்டியவர்கள் இந்த நாட்டு வரி செலுத்துவோர். இதை மறுப்பதற்கில்லை. லண்டன் பங்குதாரர்களின் கெட்டிக்காரத்தனத்துக்கு ராயபுரம் நிலையத்துத் தூண்களைச் சான்றாக நான் காட்டவும் மாட்டேன். ஆனால் ஊதாரித்தனமான கைகள் போட்டது என்பதால் அகலம் தவறாகிவிடாது. நிலையத்தின் அலங்காரம் வேறு, பாதையின் அளவு வேறு.

அந்த அகலம் சரியானது என்பதற்கு ஒரு சாட்சி பெரம்பூரில் கிடைத்தது. 1855இல் இங்கிலாந்தில் செய்து கிழக்கிந்திய ரயில்வேக்கு வந்த இஐஆர் 21 என்ற நீராவி என்ஜின், ஓய்வு பெற்ற பிறகு பீகாரின் ஜமால்பூர் பட்டறையில் நூறாண்டுக் காலம் காட்சிப் பொருளாக நின்றது. அதைப் பெரம்பூர் லோகோ பட்டறைக்குக் கொண்டுவந்து, பழுது பார்த்து, சில புதுப் பாகங்கள் பொருத்தி, 2010இல் சென்னையில் ஓட்டிக் காட்டினார்கள். 155 வயது என்ஜினுக்காக ஒரு துண்டுத் தண்டவாளத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. இன்று ராயபுரம் லோகோ ஷெட்டிலிருந்து வெளியே வரும் வாப்-7 மின்சார என்ஜினுக்கு 6000 குதிரைத் திறனுக்கு மேல் இழுவை உண்டு. அதன் சக்கரங்களுக்கு நடுவே உள்ள அளவும் 1855ஆம் ஆண்டுக் கிழவனின் அளவும் ஒன்றுதான்.

எதிர்ப்பக்கத்து உதாரணம் அதிக தூரத்தில் இல்லை. இந்தியன் டிராம்வே கம்பெனி 1865இல் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு 3 அடி 6 அங்குல அகலத்தில் ஒரு பாதை போட்டது. இலேசான தண்டவாளம், இலேசான என்ஜின், குறைந்த முதல். காகிதத்தில் பார்த்தால் குற்றம் சொல்ல எதுவுமில்லை. ஆனால் அரக்கோணத்தில் எதிரே நின்ற மெட்ராஸ் ரயில்வே வண்டி அகலப் பாதை வண்டி. காஞ்சியிலிருந்து வந்த மூட்டை சென்னைக்குப் போக வேண்டுமானால், சிறு பெட்டியிலிருந்து இறக்கி, பிளாட்பாரத்தைக் கடந்து, பெரிய பெட்டியில் ஏற்ற வேண்டும். போடும்போது மிச்சம் பிடித்த பணம் ஒவ்வொரு மூட்டையின் மீதும் கூலியாகத் திரும்பி வந்தது. அந்த டிராம்வே கம்பெனியும் நாகப்பட்டினம் பக்கம் ரயில் விட்ட கம்பெனியும் 1874இல் சேர்ந்து தென்னிந்திய ரயில்வே ஆன பிறகு, காஞ்சிப் பாதை ஒரு மீட்டர் அகலமுள்ள மீட்டர் கேஜுக்கு மாறியது. பிற்பாடு அதையும் பிடுங்கி ராயபுரத்தின் அகலத்தில், அதாவது பிராட் கேஜில், போட்டார்கள். ஒரே தடத்துக்கு மூன்று அகலம்! நாகப்பட்டினம்–திருச்சி பாதையின் கதை இதைவிட விசித்திரம். 1860களில் அகலமாகப் பிறந்தது, 1870களில் குறுகியது, நம் காலத்தில் மறுபடி அகன்றது.

மீட்டர் கேஜை ஆதரிப்பவர்களிடமும் ஒரு வலுவான வாதம் உண்டு. வைஸ்ராய் மேயோ பிரபு 1870இல் அதைக் கொண்டுவந்திராவிட்டால், பஞ்சம் வந்த பல மாவட்டங்கள் ரயிலைக் காண இன்னும் ஒரு தலைமுறை காத்திருந்திருக்கும். கையில் இருக்கிற காசுக்குக் கிடைக்கிற ரயிலே ரயில் என்பார்கள். இதில் பாதி உண்மை. ரயில் சீக்கிரம் வந்தது மெய். கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார ரயில் 1931 முதல் 2004 வரை லட்சக்கணக்கானோரைச் சுமந்ததும் மெய். மற்றப் பாதியை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. இலேசான தண்டவாளம், சிறிய என்ஜின், ஓடு வேய்ந்த நிலையம் என்று சிக்கனம் பிடித்தபடியே அகலத்தை மட்டும் விட்டுக்கொடுக்காமல் இருந்திருக்கலாம். இலேசான தண்டவாளத்தைப் பிறகு கனமானதாக மாற்றிக்கொள்ள முடியும். அகலத்தை அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது. 1992இல் பாதைகளைப் பிராட் கேஜாக்கும் ஒரே அகலத் திட்டம் தொடங்கியபோது பாலம், பிளாட்பாரம், சுரங்கம், ஷெட் என ஒவ்வொன்றையும் இடித்துத் திருத்த வேண்டி வந்தது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மெட்ரிக் அளவு சீக்கிரம் வந்துவிடும் என்று நம்பித்தான் சரியாக ஒரு மீட்டர் என்று வைத்தார்கள். அது நாட்டுக்கு வந்து சேர்ந்தது 1950களில்.

வடசென்னையின் வடக்குப் பாதை இந்தக் குழப்பத்துக்குத் தப்பியது. கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வழியாகக் கூடூருக்குப் போகும் பாதை பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி வருடங்களில் பிராட் கேஜாகவே போடப்பட்டது. பின்னால் எண்ணூர் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி வந்தபோதும், மணலி சுத்திகரிப்பு ஆலையைச் சுற்றி எண்ணெய் டேங்கர் வேகன்கள் நகர்ந்தபோதும், சரக்கை நடுவழியில் இறக்கி ஏற்றும் வேலை இல்லை. கனரகத் தொழில் இங்கே குவிந்ததற்குத் துறைமுகமும் மலிவான நிலமும்தான் முதல் காரணங்கள் என்று சொல்வார்கள். சரிதான். கிண்டிக்குப் பக்கத்தில் மீட்டர் கேஜ் இருந்தும் தொழிற்பேட்டை வளர்ந்தது என்பதும் சரி. ஆனால் கிண்டியில் செய்த பொருள்கள் லாரியில் ஏறக்கூடியவை. நிலக்கரி அப்படியில்லை.

மாடல் ரயில் வாங்க நினைப்பவருக்கு இதில் ஒரு சில்லறைக் கணக்கு பாக்கி இருக்கிறது. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் செட்டுகளில் பெரும்பாலானவை 1:87 அளவில், 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடுபவை. அது ஐரோப்பிய, அமெரிக்க ரயிலின் 1435 மில்லிமீட்டருக்குப் பொருந்தும் அகலம். ராயபுரத்தின் 1676ஐ 87ஆல் வகுத்தால் 19.3 வரும், காஞ்சியில் ஓடிய மீட்டர் கேஜுக்கு 11.5. முன்னதற்குக் கடையில் ரெடிமேட் தண்டவாளம் கிடைப்பது அரிது. பின்னதற்கு 12 மில்லிமீட்டர் தண்டவாளம் உண்டு, ஆனால் விலை கூடுதல். நம் ஊர் என்ஜினை அச்சு அசலாக மேசை மேல் ஓட்டிப் பார்க்கும் ஆசை இருந்தால் அந்த மலிவு செட்டை வாங்க வேண்டாம். சக்கரம் சுழன்றால் போதும் என்றால் தாராளமாக வாங்கலாம். அடுத்து வாங்கும் பெட்டியும் அதே 16.5தானா என்று மட்டும் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.