வாலில் ஒரு கொடி

2014 ஏப்ரல். ஈரான் தலைநகர் டெஹ்ரானில், மெஹ்ராபாத் விமான நிலையத்தில் சின்ன ஜெட் விமானம் ஒன்று நின்றிருந்தது. நின்றால் நிற்கட்டும், அதற்கென்ன என்கிறீர்களா? அதன் வாலில் குட்டியாக ஓர் அமெரிக்கக் கொடி!

1980-லேயே தூதரக உறவை முறித்துக்கொண்ட நாடுகள். அமெரிக்கத் தடையை மீறி ஈரானோடு கொடுக்கல் வாங்கல் வைத்தால் கம்பி எண்ண வேண்டியிருக்கும். அங்கே போய் இறங்கியது யார்?

நியூயார்க் டைம்ஸ் பதிவு எண்ணைத் தோண்டியது. உரிமையாளர் என்ற இடத்தில் இருந்த பெயர், பேங்க் ஆஃப் யூட்டா. வங்கிக்கு டெஹ்ரானில் என்ன வேலை? 'எங்களுக்கு ஒன்றும் தெரியாதே' என்றது வங்கி. விமானத்தைப் பயன்படுத்தி வந்தது கானா நாட்டுச் சுரங்க நிறுவனம் என்பது பிறகுதான் தெரிய வந்தது.

வங்கி சொன்னதை நம்பலாம். எப்படி என்று புரிய நீங்கள் 1919-க்கு வரவேண்டும்.

முதல் உலகப்போர் முடிந்த கையோடு பாரீஸில் கூடிய நாடுகள் ஓர் ஒப்பந்தம் போட்டன. மனிதனைப் போலவே விமானத்துக்கும் தேசம் உண்டு. எங்கே பதிவாகிறதோ, அதுவே அதன் நாடு. யார் பதியலாம்? அந்நாட்டுக் குடிமகன் மட்டும். கம்பெனி என்றால் தலைவரும், டைரக்டர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேரும் உள்ளூர்க்காரர்களாக இருக்க வேண்டும். வானத்திலிருந்து குண்டு விழுந்ததை அப்போதுதான் பார்த்திருந்தார்கள். தலைக்குமேல் பறப்பது யாருடையது என்ற கவலை இருக்காதா!

பத்தே வருடத்தில், 1929-ல், அந்த நிபந்தனையைத் தளர்த்தி 'அவரவர் சட்டப்படி பார்த்துக்கொள்ளுங்கள்' என்று விட்டுவிட்டார்கள். அமெரிக்கா அந்த ஒப்பந்தத்தை உறுதி செய்யவே இல்லை. ஆனால், 1926-ல் தானே போட்ட சட்டத்தில் அதே மூன்றில் இரண்டு கணக்கை எழுதிக்கொண்டது. இன்றைக்கும் விடவில்லை. கூடவே, கம்பெனியின் ஓட்டுரிமையில் 75 சதவிகிதம் அமெரிக்கர் கையில் இருக்க வேண்டும். 1977-ல் கொஞ்சம் கதவு திறந்து, நிரந்தரக் குடியுரிமை அட்டைக்காரர்களையும் உள்ளே விட்டார்கள்.

சரி, அந்த அட்டையும் இல்லாத வெளிநாட்டுப் பணக்காரர் என்ன செய்வார்? அவருக்கு 'என்' என்ற எழுத்தில் தொடங்கும் அமெரிக்கப் பதிவு எண்மீது தீராத ஆசை. காரணம் இருக்கிறது. அந்த எண் இருந்தால் கடன் கொடுக்க வங்கிகள் தயங்குவதில்லை. விற்கும்போது நல்ல விலை. பராமரிப்புக் கணக்கை உலகமே நம்பும். பதிவுக் கட்டணமோ, நெடுங்காலமாக வெறும் 5 டாலர்!

வழி, டிரஸ்ட். அமெரிக்க வங்கி ஒன்றை அறங்காவலராக்கி, விமானத்தை அதன் பெயரில் எழுதிவைத்துவிட வேண்டியது. பறப்பது இவர், பத்திரத்தில் பெயர் அவர். 'அட, நம்ம ஊர் பினாமி!' என்பீர்கள். கிட்டத்தட்ட. ஆனால், இது சட்டமே அனுமதிக்கும் ஏற்பாடு. அறங்காவலரை ஆட்டிவைக்கவோ நீக்கவோ வெளிநாட்டவருக்கு உள்ள அதிகாரம் 25 சதவிகிதத்தைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான். யூட்டா வங்கி இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களுக்கு 'சொந்தக்காரர்'. எது எங்கே பறக்கிறதென்று அது எப்படி அறியும்?

இந்த ஓட்டை அரசுக்கும் தெரியும். டெஹ்ரான் விவகாரத்துக்குப் பத்து மாதம் முன்புதான், 2013 ஜூனில், 'விமானத்தை இயக்குவது யார் என்று கேட்டால் இரண்டு வேலை நாளில் சொல்ல வேண்டும்' என்று அறங்காவலர்களுக்கு விமானத் துறை விதித்திருந்தது. கேட்டால்தானே? விண்ணப்பத்தில் எழுதித் தருவதைச் சரிபார்க்காமலே துறை ஏற்றுக்கொள்கிறது என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பே 2020-ல் குட்டு வைத்தது.

அதற்கு முந்தைய வருடம் டெக்ஸாஸில் ஒரு டி.வி. சேனல் கண்டுபிடித்ததைக் கேளுங்கள். ஒனலாஸ்கா என்றொரு சிற்றூர். சுமார் 3,000 பேர் வசிப்பார்கள். விமான நிலையமே கிடையாது. ஆனால், அந்த ஊர் முகவரியில் பதிவான விமானங்கள் ஆயிரத்துக்கும் மேல்! எல்லாம் இரண்டே இரண்டு தபால் பெட்டி எண்களில். டிரஸ்ட் நிறுவனம் ஒன்றின் கைங்கரியம். அதன் பதிவில் இருந்த சில விமானங்கள் போதைப்பொருள் சரக்கோடு தென்பட்டன. வழக்கு வந்தது. நிறுவனத்தின் உரிமையாளருக்கு 2023-ல் 16 ஆண்டு சிறை. கொகெய்ன் கடத்தல் சதியும் குற்றப்பட்டியலில் இருந்தது.

டிரஸ்ட் முறை மட்டும் அப்படியே இருக்கிறது.