ஸ்கூபா சுழியோடலில் எடைக் கணக்கின் வரலாறு

கடலில் மூழ்குபவர் தம்முடன் எவ்வளவு எடையைக் கொண்டு செல்ல வேண்டும் என்பது சுழியோடும் தொழிலின் மிகப் பழைய கேள்விகளுள் ஒன்றாகும். தொடக்கத்தில் அடியை விரைவாகச் சென்றடைவதற்கே எடை பயன்பட்டது. மூச்சுக்காற்றை முதுகில் சுமந்து செல்லும் ஸ்கூபா கருவி வந்தபின், பாதுகாப்பாக மேலே திரும்புவதற்கு எவ்வளவு எடை போதும் என்பதே கேள்வியாயிற்று. இந்த மாற்றம் நிகழ்ந்த விதத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

கல்லுடன் மூழ்கியவர்கள்

மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பில் எடை என்பது கயிறு கட்டிய ஒரு கல்லே. முத்துக்குளிப்பவர் கல்லின் மேல் கால் வைத்து, மூச்சை அடக்கி இறங்குவார். அடியைத் தொட்டதும் காலை விடுவித்துக்கொள்ள, தோணியில் இருப்பவர் கல்லை மேலே இழுத்துவிடுவார். சிப்பிகளைப் பையில் சேர்த்தபின் குளிப்பவர் கயிற்றின் துணையுடன் மேலே வருவார். கிரேக்க நாட்டுக் கடற்பஞ்சு சேகரிப்போரும் தட்டையான கல்லைப் பிடித்துக்கொண்டே மூழ்கினர். இம்முறையில் எடை இறங்குவதற்கு மட்டுமே தேவைப்பட்டது. அதனால் நுட்பமான கணக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

தலைக்கவச உடைக் காலம்

1830களில் லண்டனில் வாழ்ந்த அகஸ்டஸ் சீபே, உலோகத் தலைக்கவசத்துடன் இணைந்த மூடிய உடையை உருவாக்கினார். மேலே இருந்து குழாய் வழியாக வந்த காற்று உடையை நிரப்பியதால் மிதப்பு விசை மிகுந்தது. அதனை ஈடுசெய்ய மார்பிலும் முதுகிலும் ஈயக் கட்டிகளும், காலில் கனத்த காலணிகளும் அணியப்பட்டன. அமெரிக்கக் கடற்படை 1916 முதல் பயன்படுத்திய ‘மார்க் 5’ உடைத்தொகுதி ஏறத்தாழ 86 கிலோ எடை கொண்டது. சுழியோடி கடலடியில் நின்று வேலை செய்பவர் என்பதால், இங்கு அதிக எடை ஒரு குறையாகக் கருதப்படவில்லை.

நடுநிலை மிதப்பின் தேவை

1943ஆம் ஆண்டில் பிரான்சில் ஜாக் கூஸ்தோ, எமில் கான்யான் ஆகியோர் ‘அக்வா-லங்’ கருவியை உருவாக்கினர். சுழியோடி இப்போது கடலடியில் நடப்பவர் அல்லர், நீந்துபவர். மூழ்காமலும் மேலெழாமலும் நீரின் நடுவே நிற்கும் நிலை அவருக்குத் தேவைப்பட்டது. இதுவே நடுநிலை மிதப்பு எனப்படும். ஒரு பொருள் விலக்கும் நீரின் எடைக்குச் சமமான விசை அதனை மேல்நோக்கித் தள்ளுகிறது என்ற ஆர்க்கிமிடீஸ் தத்துவமே இதன் அடிப்படையாகும்.

1950களின் தொடக்கத்தில் அமெரிக்க இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் நியோப்ரீன் உடையை உருவாக்கியதும் ஒரு புதிய சிக்கல் எழுந்தது. இந்த உடை குளிரைத் தடுப்பது அதிலுள்ள நுண்ணிய வாயுக் குமிழ்களால். அக்குமிழ்கள் உடையை மிதக்கவும் செய்கின்றன. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. பாயில் விதிப்படி குமிழ்கள் சுருங்குவதால், மேற்பரப்பில் மிதக்கும் சுழியோடி ஆழத்தில் கனமாகிவிடுகிறார். இந்த இழப்பைக் காற்றடைத்து ஈடுசெய்யும் கழுத்துப்பட்டை வடிவ மிதவையை 1961இல் பிரான்சின் மொரீஸ் ஃபென்சி உருவாக்கினார். இன்றைய மிதப்புச் சீராக்கிச் சட்டை அதன் வழிவந்ததே.

கணக்கிடும் முறை

ஸ்கூபா சுழியோடி இறங்கும்போது இருந்த எடையுடன் திரும்புவதில்லை. 12 லிட்டர் உருளையில் காற்றழுத்தம் 200 பாரிலிருந்து 50 பாராகக் குறையும்போது, மேற்பரப்பு அளவில் 1800 லிட்டர் காற்று செலவாகிறது. அதன் எடை சுமார் 2.2 கிலோ. எனவே எடைக் கணக்கை உருளை நிறைந்திருக்கும் தொடக்க நிலைக்குப் போடாமல், காற்று குறைந்து போயிருக்கும் இறுதி நிலைக்கே போட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு: இறுதி நிலையில் ஒருவரும் அவருடைய கருவிகளும் சேர்ந்து 105 கிலோ, அவர் விலக்கும் நீர் 108 லிட்டர் என்று கொள்வோம். ஒரு லிட்டர் கடல்நீர் சுமார் 1.025 கிலோ. ஆகவே விலக்கப்படும் நீரின் எடை 110.7 கிலோ; மிகை மிதப்பு 5.7 கிலோ. ஈயமும் சிறிது நீரை விலக்குவதால் ஏறத்தாழ 6.3 கிலோ ஈயம் தேவைப்படும். அதே மனிதருக்கு நன்னீர் ஏரியில் மிகை மிதப்பு 3 கிலோ மட்டுமே, 3.3 கிலோ ஈயம் போதும். கடலில் பழகிய எடையை அப்படியே ஏரிக்குக் கொண்டு செல்வது தவறு என்பதை இது காட்டுகிறது. ‘உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு’ என்ற வழக்கு விதி தோராயமான தொடக்கம் மட்டுமே.

கணக்கின் முடிவை நீரிலேயே சோதிக்க வேண்டும். உருளையில் காற்று குறைந்த நிலையில், சட்டையிலுள்ள காற்றை முழுதும் வெளியேற்றி, இயல்பாக மூச்சிழுத்து அசையாமல் நிற்கும்போது நீர்மட்டம் கண்ணளவில் இருக்க வேண்டும். மூச்சை வெளிவிட்டால் மெதுவாக மூழ்க வேண்டும்.

பிழையின் விளைவு

எடை குறைந்தால் சுழியோடி பயணத்தின் முடிவில் 5 மீட்டர் ஆழத்துப் பாதுகாப்பு நிறுத்தத்தில் நிற்க இயலாமல் மேலே தள்ளப்படுவார். வேகமாக மேலெழுவது நுரையீரல் காயத்துக்கும் அழுத்தக் குறைவு நோய்க்கும் வழிவகுக்கும். எடை மிகுந்தாலும் ஆபத்தே. கூடுதல் ஈயத்தை ஈடுசெய்யச் சட்டையில் கூடுதல் காற்றை நிரப்ப வேண்டும். மேலே வரும்போது அக்காற்று விரிந்து, கட்டுப்பாட்டைக் கடினமாக்கும். அலைகளுக்கு நடுவே மிதந்து நிற்கவும் அதிக உழைப்பு தேவைப்படும். அவசரத்தில் ஈயத்தைக் கழற்றி எறிய எடைப்பட்டையில் விரைவாகத் திறக்கும் கொக்கி வைக்கப்படுவது இதனால்தான்.

முத்துக்குளிப்பவர் கடலடியை அடைந்ததும் தம் கல்லை விட்டுவிட்டார். ஸ்கூபா சுழியோடி தம் ஈயத்தைத் திரும்பும் வழி முழுதும் சுமக்கிறார். அவருடைய எடைக் கணக்கு பயணத்தின் முடிவிலிருந்து தொடங்குவதற்கு இதுவே காரணமாகும்.