கடல் குரங்குகள் (வேடிக்கைப் பொருள்)

கடல் குரங்குகள் (சீ-மங்கீஸ்) என்பது 1960களில் இருந்து ஐக்கிய அமெரிக்காவில் சித்திரக்கதை இதழ்களின் விளம்பரங்கள் மூலம் அஞ்சல் வழியாகப் பெருமளவில் விற்கப்பட்ட ஒரு வேடிக்கைப் பொருள் ஆகும். பொதியில் இருந்தவை ஆர்ட்டீமியா என்னும் உவர்நீர் இறாலினத்தின் உலர்ந்த முட்டைகளே; குரங்குக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. நீண்ட வாலின் காரணமாகவே இப்பெயர் இடப்பட்டது.

வரலாறு

1956 இல் மில்டன் லெவின் அறிமுகப்படுத்திய எறும்புப் பண்ணை சிறுவர்களிடையே பெரும் வரவேற்பைப் பெற்றது. இதனைக் கண்ட ஹரால்ட் வான் பிரவுன்ஹட் (1926 - 2003) உயிருள்ள வேறொன்றை விற்க முனைந்தார். 1960 இல் "இன்ஸ்டன்ட் லைஃப்", அதாவது உடனடி உயிர், என்ற பெயரில் 49 சென்ட் விலையில் விற்பனை தொடங்கியது. இன்றைய பெயர் சில ஆண்டுகளுக்குப் பின்னரே வந்தது. கடல் உயிரியலாளர் ஆந்தனி டி'அகொஸ்டினோவின் துணையுடன் அதிக நாட்கள் வாழும் கலப்பு வகை ஒன்றும் உருவாக்கப்பட்டது.

செயல்படும் விதம்

வறண்ட நிலையில் ஆர்ட்டீமியா முட்டையின் உயிர்ச்செயல்கள் ஏறத்தாழ முற்றிலும் நின்றுவிடும். உப்புநீர் கிடைத்ததும் அது பொரிக்கும். வணிக நுட்பம் இதற்கு மேல்தான் இருந்தது. "நீர் சுத்திகரிப்பான்" எனப்பட்ட முதல் பொட்டலத்தில் உப்புடன் முட்டைகளும் கலந்திருந்தன. அதை நீரில் இட்டு ஒரு நாள் காத்திருக்க வேண்டும். பின்னர் "முட்டை" என்று எழுதப்பட்ட இரண்டாம் பொட்டலத்தைக் கொட்டும்போது, முன்தினமே பொரித்துவிட்ட குஞ்சுகள் அக்கணமே உயிர்பெற்றவை போலத் தோன்றும். ஒரு செப்படி வித்தை என்றே இதனைக் கூறலாம். உப்பு, உணவு முதலியவற்றை அளவாகச் சேர்த்துக் குழாய்நீரிலேயே இவற்றை வாழவைத்தது மட்டும் உண்மையான கண்டுபிடிப்பு. இம்முறைக்கு 1972 இல் காப்புரிமை வழங்கப்பட்டது.

விளம்பரங்கள்

ஓவியர் ஜோ ஓர்லாண்டோ வரைந்த விளம்பரத்தில் மனித முகமும் மகுடம் போன்ற கொம்புகளும் கொண்ட இளஞ்சிவப்புக் குடும்பம் ஒன்று கோட்டையின் முன் புன்னகையுடன் நின்றது. இவை கேலிச்சித்திரங்கள் மட்டுமே என்ற குறிப்பு மிகச் சிறிய எழுத்தில் இருந்தது. அதனை எத்தனைச் சிறுவர்கள் படித்திருப்பர் என்பது ஐயமே. வந்து சேர்ந்தவையோ ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்ந்து தலைகீழாக நீந்தும் உயிரிகள். இவற்றைப் பழக்கலாம் என்ற கூற்றில் ஓரளவு உண்மை உண்டு: ஆர்ட்டீமியா ஒளியை நோக்கி நீந்தும் இயல்புடையது.

இதே வணிகர் ஊடுகதிர்க் கண்ணாடியையும், "கண்ணுக்குத் தெரியாத தங்கமீனையும்" விற்றார். பின்னதில் ஒரு கண்ணாடிக் கிண்ணமும் உணவும் மட்டுமே இருந்தன. மீன் கண்ணில் படாது என்பதற்கு நூறு விழுக்காடு உத்தரவாதமும் அளிக்கப்பட்டது!

சர்ச்சை

யூதப் பெற்றோருக்குப் பிறந்த வான் பிரவுன்ஹட், ஆரியன் நேஷன்ஸ் உள்ளிட்ட வெள்ளையின மேலாதிக்க அமைப்புகளுடன் தொடர்பு கொண்டிருந்ததை 1988 இல் தி வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் வெளியிட்டது. இவரைச் சிறுவர்களின் நண்பராக மட்டும் காட்டும் கட்டுரைகள் பல இதனைத் தவிர்த்து விடுகின்றன.

பிற தகவல்கள்

* 1998 இல் டிஸ்கவரி விண்ணோடத்தில் ஜான் க்ளென் சென்ற பயணத்தில் இம்முட்டைகளும் கொண்டு செல்லப்பட்டன. திரும்பிய பின் அவை பொரித்தன.
* தூத்துக்குடி உப்பளங்களிலும் ஆர்ட்டீமியா காணப்படுகிறது. இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் இது இன்றியமையாத உயிருணவு ஆகும்.